தேதி நிச்சயம், வெளிச்சம் உத்தேசம்

பாங்க்கில் வேலை பார்க்கும் நண்பன் ஒருத்தன் ராத்திரி பத்தரைக்கு போன் பண்ணினான். அந்த நேரத்தில் அவன் கூப்பிட்டால் பர்சனல் லோன் டார்கெட் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, எடுத்தேன்.

"ஏண்டா, வால் நட்சத்திரம் வருதாமே? 'நூற்றாண்டின் வால் நட்சத்திரம்'னு வாட்ஸப்ல போட்டிருக்கான். மொட்டை மாடியில பாய் விரிச்சிடலாமா?"

"எப்ப வருதாம்?"

"தேதி, மணி, நிமிஷம் எல்லாம் போட்டிருக்கான்."

"அது சரியாத்தான் இருக்கும். எவ்வளவு வெளிச்சமா இருக்குமாம்?"

"நிலா மாதிரி ஜொலிக்குமாம்."

"அதை நம்பாதே."

"தேதி சொன்னவன்தானேடா வெளிச்சமும் சொல்றான்? அது நிஜம்னா இது மட்டும் எப்படிப் பொய்?"

நியாயமான கேள்வி. போனில் சொல்லி முடிகிற சமாசாரம் இல்லை என்பதால் பதிலை இங்கே எழுதுகிறேன். (ஆபீஸ் கேன்டீனில் ஓசியில் பத்திரிகை படிப்பவன். எப்படியும் பார்த்துவிடுவான்.)

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் படித்தது பி.காம். வானசாஸ்திரம் அல்ல. ஆனால் படிக்கப் படிக்க 'அட, இது நம்ம சப்ஜெக்ட்தான்' என்று தோன்றியது. காரணம், ஒவ்வொரு வால் நட்சத்திரத்துக்கும் இரண்டு கணக்கு வைக்கிறார்கள். ஒன்று, அது போகிற பாதை. இன்னொன்று, அதன் வெளிச்சம். பாதை என்பது ஃபிக்ஸட் டெபாசிட். முதிர்வுத் தேதி ரசீதிலேயே அச்சாகியிருக்கும். வெளிச்சம் என்பது ஷேர் மார்க்கெட். 'சந்தை அபாயங்களுக்கு உட்பட்டது' என்று டி.வி.யில் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு ஓடுவார்களே, அந்த ரகம்.

* * *

முதலில் டெபாசிட்.

1682-ல் வந்த வால் நட்சத்திரமும், 1531, 1607-ல் வந்தவையும் ஒரே ஆசாமிதான் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் எட்மண்ட் ஹாலி. 1758 வாக்கில் மறுபடி வரும் என்றும் சொல்லிவிட்டு, 1742-ல் காலமாகிவிட்டார். சொன்னவர் போய்விட்டார், வருகிறதா என்று பார்க்க வேண்டியது மற்றவர்கள் பாடு.

பிரான்ஸில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். அலெக்ஸி கிளேரோ, ஜெரோம் லலாந்த், அப்புறம் நிக்கோல் ரெய்ன் லெபோத் என்ற பெண்மணி. காலையிலிருந்து இரவு வரை, மாதக்கணக்கில், கையால் கணக்குப் போட்டார்கள். வழியில் வியாழனும் சனியும் பிடித்து இழுப்பதால் பயணம் 618 நாள் தாமதப்படும் என்று விடை வந்தது. 1758 நவம்பரில் கிளேரோ அறிவித்தார்: 'அடுத்த வருஷம் ஏப்ரல் நடுவாக்கில் சூரியனுக்கு மிக அருகே வரும். ஒரு மாசம் முன்னே பின்னே இருக்கலாம்.'

அந்தக் கிறிஸ்துமஸ் ராத்திரியே டிரெஸ்டன் பக்கத்தில் பாலிட்ஷ் என்ற விவசாயி அதைப் பார்த்துவிட்டார். சூரியனை நெருங்கிய தேதி 1759 மார்ச் 13. சுமார் எழுபத்தாறு வருஷப் பயணத்தில் ஒரு மாசம்தான் வித்தியாசம்! அதுவும் யுரேனஸ், நெப்டியூன் என்று இரண்டு கிரகங்கள் இருப்பதே தெரியாத காலத்தில். நான் ஃப்ளாட் புக் பண்ணின பில்டர் சொன்ன தேதியையும் சாவி கொடுத்த தேதியையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். கிளேரோ தெய்வம்.

இப்போது கம்ப்யூட்டர் இருக்கிறது. வெவ்வேறு ராத்திரிகளில், பின்னால் இருக்கும் நட்சத்திரங்களை வைத்து அது எங்கே நிற்கிறது என்று மூன்று தரம் அளந்தாலே பாதை உத்தேசமாக வந்துவிடும். எத்தனை நாள் விடாமல் அளக்கிறார்களோ அத்தனை துல்லியம். தொந்தரவு ஒன்றே ஒன்றுதான். வெயில் பட்டதும் வால் நட்சத்திரத்திலிருந்து வாயு பீறிட்டுக் கிளம்புகிறது. அது சின்ன ராக்கெட் மாதிரி அதையே தள்ளிவிடுகிறது. இதனால் ஹாலி ஒவ்வொரு சுற்றிலும், வெறும் ஈர்ப்பு விசையை வைத்துப் போட்ட கணக்கைவிட சுமார் நாலு நாள் லேட். எழுபத்தாறு வருஷத்துக்கு ஒரு முறை ஆபீஸ் வருகிறவர் நாலு நாள் லேட்டாக வந்தால், எந்த மேனேஜரும் மன்னித்துவிடுவார். அந்த லேட்டையும் இப்போது கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

* * *

இனி ஷேர் மார்க்கெட்.

வெளிச்சத்துக்கு வானத்தில் ரேங்க் சிஸ்டம். பள்ளிக்கூடம் மாதிரியே எண் குறையக் குறைய கெட்டிக்காரன். வெறுங்கண்ணுக்கு நல்ல இருட்டில் ஆறாவது ரேங்க் வரை தெரியும். ஐந்து ரேங்க் வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் நூறு மடங்கு வித்தியாசம். முதல் ரேங்க்கையும் தாண்டிய மகா புத்திசாலிகளுக்குப் பூஜ்யம், மைனஸ் எல்லாம் உண்டு.

வால் நட்சத்திரத்துக்கு இந்த ரேங்க் போடுவது எப்படி? அது புள்ளி இல்லை, பஞ்சுமிட்டாய் மாதிரி கலங்கலாக இருக்கும். புள்ளியான நட்சத்திரத்தோடு எப்படி ஒப்பிடுவது? இதற்கு ஒரு அழகான தந்திரம் வைத்திருக்கிறார்கள். வால் நட்சத்திரத்தை முதலில் பார்த்து அதன் அளவையும் வெளிச்சத்தையும் மனசில் வாங்கிக்கொள்ள வேண்டியது. பிறகு பைனாகுலரின் ஃபோகஸை வேண்டுமென்றே கெடுத்து, பக்கத்து நட்சத்திரங்களை அதே சைஸுக்குக் கலங்கடிக்க வேண்டியது. எந்தக் கலங்கல் அதோடு ஒத்துப்போகிறதோ, அதன் ரேங்க்தான் இதற்கும். உலகம் பூரா அமெச்சூர்கள் ராத்திரி ராத்திரியாக இப்படிப் பார்த்து நோட்டில் எழுதுகிறார்கள். சம்பளம் கிடையாது. பஞ்சப்படி கிடையாது.

அடுத்த மாசம் என்ன ரேங்க் என்று ஊகிக்க ஒரு ஃபார்முலா இருக்கிறது. நம்மிடமிருந்து அதன் தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு. இது சட்டம், மாறாது. சூரியனிடமிருந்து தூரம் பாதியானால்? சும்மா ஒளியைத் திருப்பியனுப்பும் கல்லாக இருந்தால் அதுவும் நாலு மடங்குதான். ஆனால் இது அழுக்குப் பனிக்கட்டி. நெருங்க நெருங்கச் சூடாகி, வாயுவும் தூசும் கிளம்பி உடம்பே பெரிதாகிறது. எனவே பதினாறு மடங்கு என்று வைத்துக்கொள்கிறார்கள். 'வைத்துக்கொள்கிறார்கள்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். இது சட்டம் இல்லை, பழைய வால் நட்சத்திரங்களைப் பார்த்து எடுத்த வழக்கம். போன மூணு வருஷ வளர்ச்சியைக் காட்டி அடுத்த வருஷ டிவிடெண்ட் சொல்கிற மாதிரி.

இந்த வழக்கத்தை நம்பி மாட்டிக்கொண்ட கதைதான் கோஹூடெக்.

1973 மார்ச்சில் ஹாம்பர்கில் லுபோஷ் கோஹூடெக் கண்டுபிடித்தபோது அது வியாழன் இருக்கும் தூரத்துக்குக் கிட்டே இருந்தது. அவ்வளவு தொலைவிலேயே இவ்வளவு வெளிச்சமா! ஃபார்முலாவில் போட்டார்கள். பட்டப்பகலில் தெரியும் என்றது கணக்கு. 'நூற்றாண்டின் வால் நட்சத்திரம்' என்று பத்திரிகைகள் அலறின. அதைக் காட்டுவதற்கென்றே ஒரு சொகுசுக் கப்பலில் கோஹூடெக்கையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். வானம் பூரா மேகம். கடல் கொந்தளிப்பில் கோஹூடெக்குக்கே தலைசுற்றல். கடைசியில் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் இருந்தவர்களுக்கு, அது சூரியனை ஒட்டி வந்தபோது நன்றாகத் தெரிந்தது. தரையில் இருந்தவர்களுக்கு ஜனவரியில் தேடிப் பிடிக்க வேண்டிய ஒரு மங்கல்தான். அமெரிக்காவில் ரொம்ப நாளைக்குக் கோஹூடெக் என்றாலே புஸ்வாணம் என்று அர்த்தம்.

அது வந்ததா? வந்தது. சொன்ன தேதியில்? 1973 டிசம்பர் 28, கரெக்டாக. டெபாசிட் முதிர்ந்தது. ஷேர்தான் படுத்துவிட்டது.

ஏன்? முதல் முதலாகச் சூரியன் பக்கம் வருகிற புது ஆசாமிகளின் மேல்தோலில் கார்பன் மோனாக்ஸைடு மாதிரி சுலபமாக ஆவியாகும் பனி இருக்கும். தூரத்திலேயே அது கிளம்பிப் படாடோபம் காட்டிவிடும். கிட்டே வரும்போது சரக்கு குறைந்திருக்கும். புதுசாக வேலைக்குச் சேர்ந்த பையன் முதல் வாரம் ராத்திரி ஒன்பது வரை உட்காருவதைப் பார்த்து அவனை அடுத்த ஜெனரல் மேனேஜர் என்று முடிவு கட்டினால் என்ன ஆகும்? அதுதான்.

டேவிட் லெவி என்று ஒரு வால் நட்சத்திர வேட்டைக்காரர். இவை பூனை மாதிரி, வால் இருக்கும், இஷ்டப்படி நடந்துகொள்ளும் என்று அவர் சொன்னது பிரசித்தம். பூனை வீட்டுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லிவிடலாம். மடியில் உட்காருமா, பிறாண்டுமா என்று யாரால் சொல்ல முடியும்?

* * *

கோஹூடெக்கில் சூடுபட்டுக்கொண்ட இருபத்திரண்டாவது வருஷம் அதே மாதிரி ஒரு சோதனை வந்தது.

1995 ஜூலை 23. நியூ மெக்ஸிகோவில் ஆலன் ஹேல். வானியலில் டாக்டர் பட்டம் வாங்கியும் சரியான வேலை அமையாதவர். வால் நட்சத்திரம் தேடியே நூற்றுக்கணக்கான மணி நேரம் செலவழித்து ஒன்றும் அகப்படாதவர். அன்றைக்குத் தேடவே இல்லை. தெரிந்த வால் நட்சத்திரம் ஒன்று உதிக்கக் காத்திருந்த நேரத்தில் சும்மா டெலஸ்கோப்பைத் திருப்பினார். இருக்கக்கூடாத இடத்தில் ஒரு மங்கல்.

அதே ராத்திரி அரிஸோனா பாலைவனத்தில் தாமஸ் பாப். கட்டட சாமான் கம்பெனியில் வேலை. சொந்தமாக டெலஸ்கோப் கிடையாது. நண்பருடையதை எட்டிப் பார்த்ததில் அதே மங்கல். சுமார் 140 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வீட்டுக்குப் போய்த் தந்தி அடித்தார். அது போய்ச் சேருவதற்குள் ஹேல் ஈ-மெயிலில் விவரம் அனுப்பிவிட்டார். இருந்தாலும் நியாயமாக இரண்டு பேர் பெயரும் வைத்தார்கள். ஹேல்-பாப்.

(பாப் வேறு, பாப்பு வேறு. சென்னையில் பிறந்த வைணு பாப்பு, 1949-ல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது எடுத்த போட்டோவில் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதற்குப் பெயர் பாப்பு-பாக்-நியூகர்க். பிற்பாடு ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வுக்கூடத்தை உருவாக்கியவர் அவர்தான். அங்கே உள்ள 2.34 மீட்டர் டெலஸ்கோப்புக்கு 1986-ல் அவர் பெயரையே வைத்தார்கள். பார்க்க அவர் இல்லை. 1982-லேயே காலமாகிவிட்டார்.)

ஹேல்-பாப்பின் தூரத்தைக் கணக்குப் போட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பூமி சூரியனிலிருந்து 15 கோடி கிலோமீட்டர். இது அதைப்போல் ஏழு மடங்கு தள்ளி, வியாழனுக்கும் சனிக்கும் நடுவே இருந்தது. அங்கே இருக்கும் சாதாரண வால் நட்சத்திரம் அமெச்சூர் டெலஸ்கோப்பில் சிக்கவே சிக்காது. ஃபார்முலாவில் போட்டால் பிரமாதமான ரேங்க் வருகிறது. ஆனால் கோஹூடெக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது? ஏதோ திடீர் வெடிப்பில் தற்காலிகமாக வீங்கியிருந்தால்?

இங்கேதான் பழைய ரிக்கார்டு உதவியது. ராபர்ட் மெக்நாட் என்பவர் ஆஸ்திரேலியாவில் எடுத்த பழைய படங்களைப் புரட்டினார். 1993 ஏப்ரல் தேதியிட்ட ஒன்றில், யாரும் கவனிக்காமல், இதே ஆசாமி! பூமியின் தூரத்தைப்போல் பதின்மூன்று மடங்கு தள்ளி, அப்போதே லேசான புகைமூட்டத்தோடு. ஒரே போட்டோவில் இரண்டு லாபம். இரண்டு வருஷ இடைவெளி கிடைத்ததால் பாதை கெட்டியாகிவிட்டது. திடீர் வீக்கம் இல்லை, பழக்கமே அப்படித்தான் என்றும் தெரிந்தது. பழைய வவுச்சரைத் தூக்கிப் போடாதீர்கள் என்று எங்கள் அக்கவுன்டன்சி வாத்தியார் தொண்டை வற்றக் கத்துவார். இதற்காகத்தான்.

இன்னொரு நல்ல சகுனம். பாதைக் கணக்குப்படி இது புது ஆசாமி இல்லை. சுமார் 4200 வருஷம் முன்னால் ஒரு தரம் வந்து போனது. அப்படியும் விஞ்ஞானிகள் வாயைத் திறக்கப் பயந்தார்கள். 1996 பிற்பாதியில் வெளிச்சம் ஏறும் வேகம் குறைந்தபோது வயிற்றில் புளி கரைத்தது. 'நன்றாக இருக்கலாம்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

1997 ஏப்ரல் 1-ம் தேதி சூரியனை நெருங்கியபோது, சிரியஸைத் தவிர வேறு எந்த நட்சத்திரத்தைவிடவும் அதிகமாகப் பிரகாசித்தது. வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது மொத்தம் பதினெட்டு மாசம். அதற்கு முந்தைய ரிக்கார்டு 1811-ம் வருஷத்து வால் நட்சத்திரத்துடையது. அது ஒன்பது மாசம்தான்.

அப்போது எனக்கு எட்டு வயசு. அப்பா ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார். என் தோளைப் பிடித்து வடமேற்கே திருப்பி "அதோ, தெரியுதா?" என்றார். பக்கத்து வீட்டு டி.வி. ஆன்டெனாவைப் பார்த்துக்கொண்டு "தெரியுது" என்றேன். பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திட்டவில்லை. என்னைத் தூக்கித் தண்ணீர் டேங்க் மேல் நிறுத்தினார். ஆன்டெனாவுக்கு மேலே, தலைகீழாக வைத்த விளக்குமாறு மாதிரி, வெள்ளையாக, அசையாமல், அது இருந்தது.

"நல்லாப் பார்த்துக்கோடா. இனிமே வர ரெண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் ஆகும்."

எட்டு வயசில் அடுத்த தீபாவளியே ரொம்பத் தூரம். 'சரி' என்று தலையாட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அவர் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் மேலேயே இருந்தார்.

அப்பா சொன்னது சரியான கணக்கு. 1996-ல் வியாழனுக்குப் பக்கத்தில் கடந்தபோது பாதை சுருங்கி, சுற்றுக்காலம் சுமார் 2400 வருஷமாகிவிட்டது. அடுத்த வருகை கி.பி. 4385 வாக்கில்.

* * *

நாமெல்லாம் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்துவிட்டோம். ஆனால் அந்தக் கணக்கை யாரும் மூடவில்லை.

2010 டிசம்பரில் சிலியில் உள்ள டெலஸ்கோப் ஒன்றில் ஹேல்-பாப்பைப் பிடித்தார்கள். நெப்டியூன் தூரத்தில், 460 கோடி கிலோமீட்டர் தள்ளி. ரேங்க்? இருபத்து மூன்று. அப்பா காட்டிய வெளிச்சத்தில் சுமார் நானூறு கோடியில் ஒரு பங்கு. வால் இல்லை, புகை இல்லை, உறைந்துபோன ஒரு புள்ளி. ஹாலியையும் 2003-ல் இதே மாதிரி மூன்று பெரிய டெலஸ்கோப்புகளை வைத்து, மொத்தம் ஒன்பது மணி நேரம் படமெடுத்துத் தேடிப் பிடித்தார்கள். ரேங்க் இருபத்தெட்டு.

பத்திரிகையில் தலைப்பு வராது, கப்பல் விடமாட்டார்கள். எதற்கு இந்த வேலை? வெளிச்சம் எந்தத் தூரத்தில் கிளம்புகிறது, எந்தத் தூரத்தில் அணைகிறது என்று இப்படி எழுதி வைத்தால்தான் அடுத்ததற்குச் சொல்லும் உத்தேசமாவது உருப்படும்.

இப்போது அந்தக் கணக்குப் புத்தகத்தில் பெரிய என்ட்ரி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. பெர்னார்டினெல்லி-பெர்ன்ஸ்டைன். வேறு வேலைக்காக எடுத்த 2014 முதல் 2018 வரையிலான வானப் படங்களைக் கம்ப்யூட்டரில் சலித்து, 2021-ல் கண்டுபிடித்தார்கள். நடுக்கரு மட்டும் 120 கிலோமீட்டருக்கு மேல். கிட்டத்தட்ட சென்னைக்கும் வேலூருக்கும் உள்ள தூரம். 2031 ஜனவரியில் சூரியனுக்கு மிக அருகே வரும். 'அருகே' என்றால் சனி கிரகத்துக்கும் கொஞ்சம் தள்ளி. அத்தோடு திரும்பிவிடும். வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் அளக்கிறார்கள்.

அனுபவசாலிகளும் சறுக்குவார்கள் என்பதற்கு 2024-ல் ஓர் உதாரணம். சூச்சின்ஷான்-அட்லஸ் சூரியனை நெருங்கும் முன்பே உதிர்ந்து போகும், தப்பிக்க வழியே இல்லை என்று பழுத்த நிபுணரான ஸ்டெனெக் செகானினா கட்டுரையே எழுதிவிட்டார். இரங்கல் செய்தி தயார். அது சொன்ன தேதியில் சூரியனைச் சுற்றி, அக்டோபரில் வெறுங்கண்ணுக்கே தெரிந்துவிட்டுப் போனது. 2013-ல் ஐஸான் இதற்கு நேர்மாறு. ஊரே கொண்டாட்டத்துக்குத் தயாரானபோது, நவம்பர் 28 அன்று சூரியன் பக்கத்தில் போய்ச் சிதறிவிட்டது.

ஆபீஸில் நம்மிடம் 'டிசம்பர் ஃபிகர் என்ன? கரெக்டா ஒரு நம்பர் சொல்லுங்க' என்கிறார்கள். 'தெரியாது ஸார்' என்றால் வேலை போய்விடும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறோம். ஜனவரியில் கோஹூடெக் ஆகிறோம். கிளேரோ 'ஒரு மாசம் முன்னே பின்னே' என்று சேர்த்துச் சொன்னார் பாருங்கள், முழு ஃபிகரைவிட அந்த வால்தான் கணக்கின் நாணயம். எது நிச்சயம், எது உத்தேசம் என்று தனித்தனிக் காலத்தில் எழுதத் தெரிந்தவன்தான் நல்ல அக்கவுன்டன்ட். வாட்ஸப்காரனுக்கு ஒரே காலம்தான்.

ஆகவே நண்பனே, பாயை விரி. தேதி அவன் சொன்னதுதான். வெளிச்சம் வந்தால் பார்ப்போம். வராவிட்டால் கொசுவர்த்திச் செலவு என்னுடையது.

அதுவும் தப்பினால், ரொம்ப நம்பகமான ஆசாமி ஒருவர் இருக்கிறார். ஹாலி, 2023 டிசம்பரில் தன் பாதையின் கடைக்கோடியைத் தொட்டுவிட்டுத் திரும்பியாயிற்று. சூரியனை நெருங்கும் நாள் 2061 ஜூலை 28. காலண்டர் போட்டுப் பார்த்தேன், வியாழக்கிழமை. லீவு சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு அப்போது எழுபத்திரண்டு. மாடிப்படி ஏற யாராவது கை கொடுக்க வேண்டும். டேங்க் மேல் தூக்கி நிறுத்த ஒரு எட்டு வயசுப் பொடியன் பக்கத்தில் இருந்தால் தேவலை.

அது வருவது நிச்சயம். நீங்களும் நானும்தான் உத்தேசம்.